கேசட்டை ஊத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையை ஒட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் 'எக்காலத்துக்கும் சிறந்த பத்து வீடியோ கேம்கள்' என்று ஒரு பட்டியல் வந்தது. பத்தில் ஒன்றுகூட 2010க்கு முந்தியது இல்லை. போகட்டும், ரசனை அவரவர் பாடு. ஆனால் கீழே பெட்டிச் செய்தியில், பழைய வீடியோ கேம் கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். அது தவறு. சேலத்தில் எத்தனையோ வீட்டுப் பரணில் டிவியில் செருகி ஆடும் அந்தக் காலத்து கேம் செட் இன்னும் கிடக்கிறது. லீவுக்கு வந்த பிள்ளைகள் அதை இறக்கி, உங்கள் பேச்சைக் கேட்டு ஊதிக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். பட்டியலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

ஒரு கேம் நல்ல கேமா என்று பார்க்க என் கணக்கில் ஒரே அளவுகோல்தான்: செத்தால், ஏன் செத்தோம் என்று ஆடுகிறவனுக்கு அந்த நொடியே தெரிய வேண்டும். படம் எவ்வளவு பளபளப்பு, எத்தனை ஜி.பி. என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் 1985 செப்டம்பரில் ஜப்பானில் வந்தது. மொத்த கேமும் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரிது. அந்த இடத்துக்குள் 8 உலகம், 32 ஸ்டேஜ். இடம் போதாததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் முதல் ஸ்டேஜிலேயே பாருங்கள். அமுக்கும் நேரத்துக்குத் தக்கபடி குதிக்கும் உயரம் மாறும். 'பி' பட்டனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து குதித்தால் தூரம் கூடும், ஓடி வந்த வேகத்தில் கால் வழுக்கவும் செய்யும். பள்ளத்தில் விழுந்தால், பட்டனைச் சீக்கிரம் விட்டோமா, ஓட்டம் போதவில்லையா என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

முழுதாக முடிக்க 32 ஸ்டேஜும் ஆட வேண்டியதில்லை. 1-2இல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் ஸ்டேஜில், கடைசிக் குழாய்க்குள் போகாமல், மேலே செங்கல் கூரை மீது ஏறி ஓடினால் 2, 3, 4ஆம் உலகங்களுக்குக் குழாய் இருக்கும். 4-2இல் மறைந்திருக்கும் கட்டையை முட்டினால் செடிக்கொடி ஒன்று மேலே வளரும். அதில் ஏறினால் 6, 7, 8ஆம் உலகங்களுக்கான குழாய்களிடம் கொண்டுபோய் விடும். ஆக எட்டே ஸ்டேஜில் கேம் முடிந்துவிடும். பலர் 4-4, 7-4 கோட்டைகளில் ஒரே வழியில் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு கேசட் கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மேல்தளமா கீழ்த்தளமா என்று சரியான பாதையில் போகாவிட்டால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். எல்லா லைஃபும் போனாலும் கவலை வேண்டாம். தலைப்புத் திரையில் 'ஏ' பட்டனை அமுக்கியபடி ஸ்டார்ட் கொடுத்தால், விட்ட உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கலாம். 3-1 முடிவில் படிக்கட்டில் இறங்கி வரும் ஆமையை விடாமல் மிதித்து லைஃப் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 127க்கு மேல் சேர்த்தால், அடுத்த சாவிலேயே ஆட்டம் முடிந்துவிடும். லைஃப் எண்ணிக்கை ஒரே ஒரு பைட்டில் இருக்கிறது. 127ஐத் தாண்டினால் கேம் அதை மைனஸ் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. பேராசைக்குக் கிடைக்கும் தண்டனை என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சுட்டுக்கொண்டே முன்னேறும் கான்ட்ரா, கேசட் வடிவில் 1988. மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ, பிறகு ஸ்டார்ட்: 3 லைஃப் 30 ஆகும். நடுவில் 'செலக்ட்' உண்டா இல்லையா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. செலக்ட் இந்தக் குறியீட்டில் சேராது. இரண்டு பேர் ஆடும் வரிக்கு அம்புக்குறியை நகர்த்த மட்டும்தான் அது. துப்பாக்கிகளில், குண்டை விசிறி போல விரித்துச் சுடும் 'எஸ்' கிடைத்தால் விடக் கூடாது. செத்தால் அது போய்விடும் என்பதால் அடுத்த பத்து அடிக்கு நிதானமாகப் போக வேண்டும். அண்ணன் தம்பிக்குள் அடிதடி வருவது மூன்றாம் ஸ்டேஜ் அருவியில். திரை மேலே மட்டும்தான் நகரும். ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். கீழே நிற்பவன் முதலில் குதிக்கட்டும். மேலே இருப்பவன் அசையாமல் நின்று சுட்டுக்கொண்டிருக்கட்டும். ஒருவனுக்கு லைஃப் தீர்ந்துபோனால் 'ஏ' பட்டனை அமுக்கி மற்றவனிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் எடுப்பதால் வரும் சண்டைக்குக் கேமில் மருந்து இல்லை.

பட்டியலில் முதலிடம் நானாகக் கொடுத்தால் டேங்க் கேமுக்குத்தான். நாம்கோ நிறுவனத்தின் பேட்டில் சிட்டி, 1985. ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்க், 35 ஸ்டேஜ். ஒரு நட்சத்திரம் எடுத்தால் குண்டு வேகமாகும். இரண்டு எடுத்தால் இரட்டைக் குண்டு. மூன்று எடுத்தால் இரும்புச் சுவரே உடையும். கீழே கழுகைக் காப்பதுதான் வேலை. அதை எதிரி அழிப்பதைவிட நம் ஆளே தவறிச் சுட்டு அழிப்பதுதான் அதிகம். கூட ஆடுபவன் மேல் குண்டு பட்டால் அவன் சாகமாட்டான், சில நொடி உறைந்து நிற்பான். அந்தச் சில நொடியில்தான் எதிரி உள்ளே புகுவான். ஆகவே இருவரும் பக்கவாட்டில் நிற்கக் கூடாது. ஒருவன் மேலே எதிரி வரும் மூன்று வாசல்களைப் பார்க்க, ஒருவன் கழுகுக்கு அருகிலேயே நிற்க வேண்டும். மண்வெட்டி கிடைத்தால் கழுகைச் சுற்றிய செங்கல் கொஞ்ச நேரம் இரும்பாகும். காவல் நிற்பவனும் மேலே போய்ச் சுட அதுதான் சமயம். சுவரை நாமே கட்டி ஸ்டேஜ் உருவாக்கும் வசதியையும் அந்த வருஷமே கொடுத்துவிட்டார்கள்.

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி வரியை நிரப்பி அழிக்கும் டெட்ரிஸைச் சொல்லாமல் விட முடியாது. சோவியத் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னவ் உருவாக்கியது. ஏழு வடிவம், ஒவ்வொன்றிலும் நாலு கட்டம், பத்துக் கட்ட அகலம். 1989இல் வந்த நிண்டெண்டோ கேசட்டில் ஆரம்ப லெவலில் ஒரு வரி அழித்தால் 40 புள்ளி, நாலு வரியை ஒரே அடியில் அழித்தால் 1,200. ஆகவே ஓர் ஓரத்தை மட்டும் காலியாக விட்டு நீளக் குச்சிக்குக் காத்திருப்பவன்தான் கெட்டிக்காரன். கம்ப்யூட்டர் கேம்களில் 60 நிமிடக் கெடுவுள்ள 1989இன் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும், நடுவில் சேவ் செய்யவே விடாத 2000இன் ஐ.ஜி.ஐ.யும், ஊர் கட்டிப் படை திரட்டும் 1999இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகமும் என் பட்டியலில் உண்டு. கடைசியாகச் சொன்னதில் தோற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓர் ஆள் உருவாக 50 உணவும் 25 விநாடியும்தான். ஆட்களை உருவாக்கும் கட்டடமான டவுன் சென்டர் சும்மா நிற்கும் ஒவ்வொரு 25 விநாடியும் ஓர் ஆள் நஷ்டம். தோல்விக்கான காரணம் சண்டையில் இருக்காது, முதல் பத்து நிமிடத்தில் இருக்கும்.

இனி செட்டுக்கு வருவோம். பட்டன் சரியாக வேலை செய்யாவிட்டால், படம் தாமதமாக வந்தால், செத்தது நம் தவறா செட்டின் தவறா என்று தெரியாது. பாதிப் பேர் பழைய கேம்களை வெறுப்பதற்கு இதுதான் காரணம்.

நம் ஊரில் விற்றவை பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் கேம் செட்டான ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டின் அடியில் 60 பித்தளை நிறப் பட்டைகள் இருக்கும். அவற்றில் களிம்பு ஏறினால் திரை கட்டம் கட்டமாகச் சிதறும். ஊதினால் வாயின் ஈரம் பட்டுக் களிம்பு இன்னும் கூடும். ஊதிய பிறகு ஓடுகிறதே என்றால், கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடியது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பட்டையின் நீளவாக்கில் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் பிறகு மாதம் ஒருமுறை களிம்பு ஏறும். ஏற்காட்டில் பனிமூட்டக் காலத்தில் சும்மா வெளியே வைத்தாலே ஈரம் ஏறும். அங்கே இருப்பவர்கள் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தைப் போட்டு, இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் கேசட்டை வைப்பது நல்லது. சிடிக்கும் அதே வழிதான்.

அடாப்டர் தொலைந்துவிட்டதென்று செட்டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகுவதுதான் செட் சாவதற்கு முதல் காரணம். இந்த செட்டுகளில் பல 9 வோல்ட் டி.சி. கேட்பவை, பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். செட்டாப் பாக்ஸ் அடாப்டரோ பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். முனை மாறினால் உள்ளே கறுப்புப் பொட்டு மாதிரி இருக்கும் சிப் போய்விடலாம். அதை மாற்ற வழியில்லை. முனை சரியாக இருந்தாலும், 9ஐ 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் 4 வோல்ட்டைச் சூடாக்கி வெளியே தள்ளும். 12 கொடுத்தால் 7 வோல்ட். சேலத்துச் சித்திரை வெயிலில் அது நெடுநேரம் தாங்காது. செட்டின் அடியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புது எல்.ஈ.டி. டிவியில் துளை இருந்தால் மஞ்சள், வெள்ளை ஏ.வி. ஒயர் செருகலாம், ஆனால் மெனுவில் 'கேம் மோடு' போடாமல் ஆடினால் அமுக்கிய பிறகுதான் மரியோ குதிப்பான். வாத்து சுடும் கேமுக்கான துப்பாக்கி மட்டும் எந்த மெனுவிலும் சரியாகாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைக் குறித்த நொடிக்குள் பார்த்தால்தான் அடி. டியூப் டிவியின் வேகத்துக்கு அமைத்தது அது, எல்.ஈ.டி.யில் வெளிச்சம் பிந்தி வரும். துப்பாக்கி கெட்டுவிட்டதென்று எடைக்குப் போடாதீர்கள். பழைய டிவியையும் போடாதீர்கள். ஆனால் டிவியின் முதுகைத் திறக்க வேண்டாம். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும்.

இன்னொன்று. செல்போனில் அதே மரியோ ஆடினால் 'ஓட்டிவிட்ட மாதிரி' வேகமாகப் போகிறதென்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் அதுதான் அசல் வேகம். ஜப்பானில் திரை விநாடிக்கு 60 தடவை மாறும். நம் நாட்டு டிவி முறைக்கென்று வந்த செட்டுகளில் 50 தடவை. ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே நாம் ஆடிப் பழகியிருக்கிறோம், பாட்டு உட்பட.

'எங்கள் பட்டியல்' என்று மறுபடி ஒன்று போட்டாலும் போடாவிட்டாலும், வரும் ஞாயிறு பெட்டிச் செய்தியில் 'ஊத வேண்டாம். 9 வோல்ட், நடுமுனை பாருங்கள்' என்று இரண்டு வரித் திருத்தம் மட்டும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.