திருப்பணி நிறைவு அறிக்கை: மேல்தளமும் நம் பொறியாளர் ஐயாவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கும்பாபிஷேகம் முடிந்து 48 நாள் மண்டல பூஜையும் நல்லபடியாக நிறைவேறிவிட்டது. வரவு செலவுக் கணக்கை கோயில் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், ரசீதுக் கட்டும் அங்கேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். இந்த அறிக்கையை எழுத வேண்டியவர் நான் இல்லை. பாலாலயம் செய்த, அதாவது திருப்பணிக்காக சுவாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்த நாளிலிருந்து தனி நோட்டுப் போட்டு எழுதிவந்த பொறியாளர் ஐயா, கலசத்தில் வரகு நிரப்புவதற்கு முந்தின வாரம் சிவபதம் அடைந்துவிட்டார்.

போன திருப்பணியில் மகாமண்டபம் ஒழுகுகிறது என்று மேலே சிமெண்டைக் கொட்டிப் பூசினோம். ஒழுக்கு நிற்கவில்லை. இந்தத் தடவையும் அதன்மேல் இன்னொரு பூச்சு போதும் என்றுதான் குழுவில் பெரும்பாலோர் சொன்னோம், நானும்தான். ஐயா ஒத்துக்கொள்ளவே இல்லை. பழைய சுண்ணாம்புக் கட்டு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்டால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி அரிக்கும், பாரம் வேறு, மொத்தத்தையும் வெட்டி எடுங்கள் என்றார். பொதுப்பணித்துறையில் அணையும் மதகுமாகவே காலம் தள்ளியவர். சுண்ணாம்பு எத்தனை நாளைக்கு நிற்கும் என்று ஒருவர் கேட்க, "பெரியாறு அணைக்குள்ள இருக்கிறது சுண்ணாம்பும் சுர்க்கிங்கிற செங்கல் பொடியும்தான் தம்பி. 1895-ல முடிச்சது. அந்தத் தண்ணியிலதான் நீங்க நெல்லு போடுறீங்க" என்றார். அப்புறம் கம்பம் பள்ளத்துக்காரன் எவன் வாயைத் திறப்பான்?

சுண்ணாம்பை ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, செங்கல் ஜல்லியோடு கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓட்டைப் பதித்தோம். இதனால் நாள் இழுத்தது, பணமும் கூடுதலாக ஆனது, கூட்டத்தில் சத்தமும் போட்டோம். அவர் பதில் பேசாமல் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறிவிடுவார், செருப்பைக் கோபுர வாசலிலேயே விட்டுவிட்டு, வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்தபடி. வெயிலில் தட்டோடு எப்படிச் சுடும் என்று மேலே போனவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எவ்வளவு முக்கியமான பேச்சாக இருந்தாலும் மாலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். பேத்தியை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும். ஒருநாள் ஸ்தபதியே வந்து உட்கார்ந்திருந்தார், அன்றைக்கும் "புள்ள வாசல்ல நிக்கும்" என்று கிளம்பிவிட்டார். அவர் வீட்டம்மா தளம் போட்ட நாளெல்லாம் ஆட்களுக்கு மோர் கொடுத்தனுப்பினார்கள், அதைக் கணக்கில் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டதால் கணக்கில் இல்லை, இங்கே எழுதிவிட்டேன்.

தளம் காய்ந்ததும் ஓரத்தில் களிமண்ணால் வரப்புக் கட்டி மூன்று நாள் தண்ணீர் தேக்கினார். கீழே மண்டபத்தில் நந்திக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பழைய கறை இருந்த கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: "முதல் பெருமழைக்குப் பின் விமானத்து ஓரம், தண்ணீர் போகும் தூம்பு பார்க்கவும்." ஐப்பசியில் அந்த மழை பெய்த மறுநாள் காலை ஏழு மணிக்கு மேலே ஏறுகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு.