எல்லா வயிற்று வலியும் சூட்டு வலி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் மாசமாக இருக்கும் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் முதலில் ஓமத் தண்ணீர், அடுத்து தொப்புளில் விளக்கெண்ணெய். ஆறாம் மாதத்தில் இருந்த என் மருமகளுக்கும் அதைத்தான் செய்து, "சூட்டு வலிதான், படும்மா" என்றேன். விடிகாலையில் எழுப்பினாள். "அத்தை, இது விட்டு விட்டு வரல. வலது பக்கம் ஒரே இடத்துல குத்துது."

அவள் ஆசைப்பட்டாளே என்று காசிமேட்டில் வாங்கி வைத்த சங்கரா மீன் குழம்பைப் பார்த்ததும் குமட்டினாள். பக்கத்து நர்சிங் ஹோமில் 'கேஸ்' என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மதியம் காய்ச்சலும் வந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொப்புளுக்கும் மேலே வலது பக்கம் அழுத்தினதும் அலறிவிட்டாள். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கியிருக்கலாம் என்றார். அது அடிவயிற்றில்தானே இருக்கும் என்று கேட்டேன். கருப்பை வளரும்போது சிலருக்கு அதையும் மேலே தள்ளிவிடுமாம். கர்ப்பிணிக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாதாம். ஸ்கேனில் பிடிபடாமல், கதிர்வீச்சு இல்லாத எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் உறுதியானது.

ஆபரேஷன் என்றதும் என் மகன், "குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். நானும் தலையாட்டினேன். டாக்டரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. குடல்வால் வெடித்துச் சீழ் பரவினால் குழந்தை தங்காமல் போகும் வாய்ப்பு பல மடங்கு கூடும், காத்திருப்பதுதான் ஆபத்து என்றார். வழியில் நான் காபி வேறு வாங்கிக் கொடுத்திருந்தேன். வயிறு காலியாக இருந்தால்தான் மயக்க மருந்து கொடுப்பது பாதுகாப்பு என்று அதற்கும் திட்டு வாங்கினேன். அன்றிரவே லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை போட்டு, குடல்வாலை எடுத்தார்கள். பத்தாம் மாதம் சுகப்பிரசவம். பேத்தி இப்போது தவழ்கிறாள்.

எங்கள் பகுதியில் பிரசவம் என்றால் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றுதான் ஜனங்களுக்குப் பழக்கம். இந்த வலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மகப்பேறு டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, எடை எல்லாம் பார்த்து அட்டையில் எழுதும் சிஸ்டர்கள் தலைவலி, கால் வீக்கம், ரத்தப்போக்கு பற்றித் தவறாமல் சொல்கிறார்கள். விடாத வயிற்று வலியோடு வாந்தி, காய்ச்சல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், வாயில் எதுவும் கொடுக்காதீர்கள் என்பதையும் சொல்லட்டும். கூட வரும் மாமியார்களையும் உட்கார வைத்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.