ரசீதின் பின்பக்கத்தில் இருப்பதை முன்பக்கத்தில் போடச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வணிகப் பக்கத்தில் பார்சல் சேவைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். வடக்கில் இருப்பவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருந்தால் போதும், சேவை எப்படி என்று அவர்கள் பெரிதாகக் கேட்பதில்லை என்ற கருத்தில் ஒரு வரி அதில் இருந்தது. மற்றபடி நல்ல கட்டுரைதான். அந்த ஒரு வரிதான் மூன்று நாளாக நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. நாங்கள் கேட்பதில்லை என்று எழுதியவருக்கு யார் சொன்னது? கேட்டுக் கேட்டு வாய் அலுத்தவர்களில் நானும் ஒருத்தி.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உரும்பிராயில் வீட்டோடு மிளகாய்த்தூளும் ஊறுகாயும் செய்து விற்கிறேன். கணவர் போன பிறகு தொடங்கியது, ஒன்பது வருடமாகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் உதவிக்கு வருகிறார்கள். முகநூலில் படம் போட்டால் கொழும்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஓடர் வரும். கூரியர் இல்லாவிட்டால் என் தொழிலே இல்லை. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

போன ஆனி மாதம் கொழும்பில் ஒரு கடைக்கு 24 போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய் அனுப்பினேன். ஒவ்வொரு போத்தலையும் பழைய தாளில் சுற்றி, இடையில் வைக்கோல் அடைந்து, பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி கீறி, 'கண்ணாடி, கவனம்' என்று மூன்று மொழியிலும் தடித்த எழுத்தில் எழுதினேன். சிங்களத்தில் எழுத மகன் உதவினான். பதினொரு போத்தல் உடைந்து போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார், திருப்பி வந்த கூலியும் என் தலையில்தான். முற்றத்தில் வைத்துத் திறந்தேன். அடி மட்டை எண்ணெயில் ஊறிப் பிய்ந்து கையோடு வந்தது. மஞ்சள் நிறத்தில் எண்ணெய் வழிந்து காய்ந்த கோடு அம்புக்குறிக்குக் குறுக்கே போயிருந்தது. அப்படியென்றால் பெட்டி வழி முழுக்கச் சரிந்தே கிடந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் செருப்பின் அச்சு இருந்தது. உடையாத பதின்மூன்று போத்தலையும் துடைத்து வைத்துவிட்டு, அந்தச் செருப்பு அச்சைப் பார்த்தபடி நான் அழுதது உண்மை.

போத்தல் ஒன்று 650 ரூபா. பதினொன்றுக்கு 7150. கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, அனுப்பின கூலிக்கு மேல் இழப்பீடு தர வழியில்லை என்றாள். அதாவது 1350 ரூபா. "குறைஞ்ச சார்ஜ்தானே அன்ரி" என்றும் சொன்னாள். பின்பக்கத்தில் இருப்பது ஆங்கிலம், அதுவும் எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. கண்ணாடி போட்டும் வாசிக்க முடியாமல், மகனின் போனில் படம் எடுத்துப் பெருப்பித்துத்தான் வாசித்தேன். காசு கட்டும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியை அங்கே கொடுத்திருக்க மாட்டேன். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. தனியார் கம்பனிக்கு அது பொருந்தாது என்பார்கள், தெரியும். யாழ்ப்பாணத்தில் கிளை திறந்து, யாழ்ப்பாணத்து ஆட்களிடம் காசு வாங்குகிறவர்களுக்குத் தமிழில் நாலு வரி அச்சடிப்பது அவ்வளவு கஷ்டமா?

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கொழும்பில் படித்த அண்ணாவுக்கு அம்மா கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ரயிலில் அனுப்புவா. கடகத்தில் வைக்கோல் பரப்பி, காம்பு கீழே பார்க்கும்படி பழத்தை அடுக்கி, மேலே சாக்கை மூடிக் கோணி ஊசியால் தைப்பா. அந்தச் சாக்கின் மேல் மையால் விலாசம் எழுதுவது என் வேலை. ரயில் நிலையத்துப் பார்சல் கந்தோரில் இருந்த ஐயா, தையலை விரலால் இழுத்துப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் "பிள்ளை, கொண்டுபோய்த் திரும்பத் தைச்சுக்கொண்டு வா" என்று திருப்பி விடுவார். அப்போது எனக்கு அவரில் கோபம் வரும். இப்போது அந்த ஐயாவைத்தான் நினைக்கிறேன். பொருள் போய்ச் சேரும்வரை அது தன் பொறுப்பு என்று நினைத்த மனிதர்.

யுத்தத்தால் 1990இல் யாழ்தேவி ரயில் இங்கு வருவது நின்றது. திரும்ப வந்தது 2014இல். இடையில் எங்களைத் தெற்கோடு சேர்க்கும் ஏ9 பாதை மூடி, 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடிய கதையெல்லாம் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்றோம். கப்பலில் வந்த கடிதத்தை மாதக்கணக்காகப் பார்த்திருந்தோம். அப்போது யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை, பாதையே இல்லை. இன்றைக்குப் பாதை இருக்கிறது, லொறி இரவோடிரவாக ஓடுகிறது. அன்றைக்குப் பொறுத்துப் பழகியவர்கள்தானே என்று இன்றைக்கும் எங்களை நினைப்பதுதான் வலிக்கிறது. உங்கள் பத்திரிகையும் அப்படி எழுதினால் நாங்கள் யாரிடம் போவது?

செலவு கூடிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூனில் 470 ஆனது. சாதாரணக் கடிதத்தின் முத்திரைகூட அந்த ஆகஸ்டில் 15 ரூபாவிலிருந்து 50 ஆனது. அந்தக் காலத்தில் கூரியர்க்காரர்கள் கூலியைக் கூட்டியபோது நான் ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக் குறைத்தார்கள். குறைத்த காசை எங்கே பிடித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பிடித்த இடம் ஒன்றை நான் கண்ணால் கண்டேன். மாசியில் எனக்கு வரவேண்டிய போத்தல் மூடிகள் வரவில்லை. 'வீட்டில் ஆள் இல்லை' என்று போனில் செய்தி வந்தது. நான் பின்னால் மிளகாய் வறுத்துக்கொண்டு இருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு ஓடிவந்தால் ஒழுங்கையில் புழுதிதான். அடுத்த நாள் அந்தத் தம்பியைப் படலையில் மறித்துக் கேட்டேன். என்ஜினை நிறுத்தாமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி சொன்னான்: "ஒரு பார்சலுக்கு இவ்வளவு எண்டுதான் அன்ரி காசு. பெற்றோலும் என்ரை. படலைக்குப் படலை நிண்டு கூப்பிட்டால் எனக்குக் கட்டாது." பின்சீற்றில் அவன் உயரத்துக்குப் பார்சல் கட்டியிருந்தது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் மகனின் வயதுதான் இருக்கும். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவனில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஊரில் விலாசம் என்பது கோயிலடி, மூன்றாவது ஒழுங்கை, பச்சைப் படலை என்பதுதான். தேடிக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு அவனுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

நெடுந்தீவில் இருக்கும் என் சித்திக்கு ஒரு பெட்டி போட்டேன். அங்கே கொண்டுபோவதில்லை, யாழ்ப்பாணக் கிளையில் வந்து எடுக்கட்டும் என்றார்கள். எழுபது வயது மனுசி படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து ரவுணுக்கு வரவேண்டும். தபாற் கந்தோரில் கொடுத்தால் அதே நிறைக்கு நெடுந்தீவுக்கும் நீர்கொழும்புக்கும் ஒரே கூலி, தபால்காரர் அங்கேயும் போகிறார். தாமதமாகும், ஒத்துக்கொள்கிறேன். லாபம் உள்ள தெருவை மட்டும் பொறுக்கி எடுத்தால் யாராலும் மலிவாகக் கொடுக்க முடியும்.

இரவு பஸ்ஸில் பார்சல் போட்டு விடும் எங்கள் பழக்கத்தையும் அந்தக் கட்டுரை தொடவில்லை. ரசீது இல்லை, இழப்பீடு இல்லை. விடியப்புறம் கொழும்பு வெள்ளவத்தையில் ஆள் நின்று வாங்கவேண்டும். ஆனாலும் நான் போட்ட போத்தல் ஒன்றுகூட இதுவரை உடையவில்லை. கொண்டக்டர் தன் சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு போவார், அடுத்த கிழமை என் முகத்தில் முழிக்க வேண்டுமே. நூறு ரூபா கூடக் கேட்டாலும் மனமாரக் கொடுக்கிறேன்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது வேறு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்குப் பருத்தித்துறை வடை அனுப்பப் போனேன். விளம்பரத்தில் கிலோவுக்கு மிகக் குறைந்த விலை போட்டிருந்தது. தராசில் 4 கிலோ. பிறகு பெட்டியை அளந்து, 40, 30, 30 சென்ரிமீற்றரைப் பெருக்கி 5000ஆல் வகுத்து 7.2 கிலோ என்று பில் போட்டார்கள். ஆகாயத்தில் போகும் பொருளுக்கு இடத்தையும் கணக்கெடுப்பது பல கூரியர்களின் வழக்கமாம். சரி, இருக்கட்டும். விளம்பரத்தில் அதைச் சொல்லியிருந்தால் சின்னப் பெட்டியில் நெருக்கி அடுக்கியிருப்பேனே.

நியாயத்துக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். கூடிய கூலிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டால் ஓடரையே வேண்டாம் என்று விடும் வாடிக்கையாளர்கள் என்னிடமும் இருக்கிறார்கள். 'டெலிவரி இலவசம்' என்ற விளம்பரங்களைப் பார்த்துப் பழகிவிட்டார்கள், அந்தக் கூலி பொருளின் விலைக்குள் இருக்கிறது என்று நினைப்பதில்லை. கட்டுரை எழுதியவர் அவர்களைப் பார்த்திருக்கலாம். ஆனால் இரண்டு விலையையும், ஒவ்வொரு விலைக்கும் என்ன கிடைக்கும் என்பதையும் எங்கள் முன்னால் வைத்து, எது வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் எங்களுக்கு மலிவு போதும் என்று எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இழப்பீடு எவ்வளவு, வீட்டுக்குக் கொண்டுவருவார்களா, எத்தனை முறை வருவார்கள் என்ற மூன்று விவரத்தையும் ரசீதின் முன்பக்கத்தில் தமிழில் அச்சிடும்படி இங்கே கிளை வைத்திருக்கும் கூரியர்க்காரர்களிடம் தங்கள் பத்திரிகை கேட்கவேண்டும். அவர்கள் சொல்லும் பதிலை அதே வணிகப் பக்கத்தில் போட்டால் போதும்.

என் ரசீதின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். செருப்பு அச்சு உள்ள அந்த மட்டையும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தேவையென்றால் கொண்டுவந்து காட்டுவேன்.

இங்ஙனம்,
வாசகி,
உரும்பிராய்.