செயலாளரின் ஆண்டறிக்கை - 2024

தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

வெள்ளவத்தையிலுள்ள எமது வாசிப்புச் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிர்வாகக் குழு மாதாமாதம் கூடியது. மண்டப வாடகை ஏறிய கதையைப் பொருளாளர் சொல்லுவார்.

பெப்ரவரி 21, உலகத் தாய்மொழி தினத்தில், இலங்கையில் தேய்ந்துவரும் மொழிகளைப் பற்றிக் கலந்துரையாடினோம். கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களை எங்களில் பலருக்குப் பழக்கம். ஆனால் 1869இலேயே கொழும்பிலிருந்து அறபு எழுத்தில் ஒரு மலாய்ப் பத்திரிகை வெளிவந்தது என்றபோது பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் பேச்சு நீர்கொழும்புக்குப் போனது. அங்கு முன்பு தமிழ் பேசிய கத்தோலிக்கர் மத்தியில் பாடசாலை மொழி சிங்களமானது; வீட்டு மொழியும் பின்னாலேயே போய்விட்டது. இன்று தமிழ் பெரும்பாலும் கடற்கரை மீனவக் குடும்பங்களில்தான் புழங்குகிறது.

தமிழுக்குள் வரும் பிறமொழிச் சொற்களைத் தடுக்க ஒரு தீர்மானம் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். குழு அதை ஏற்கவில்லை, எனக்கும் உடன்பாடில்லை. கதிரையும் அலுமாரியும் போர்த்துக்கேயரிடம் வாங்கியவைதானே, அவற்றால் என்ன கெட்டது? எங்கள் பேச்சின் சாயல் கழன்று போவதுதான் பாரதூரமான விடயம். அதைச் சிறுவர் பேச்சுப் போட்டியில் கண்ணாரக் கண்டோம். எல்லாப் பிள்ளைகளும் பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை, ஒரே மாதிரிக் கையை வீசி, தொலைக்காட்சி அறிவிப்பாளர் குரலில் ஒப்புவித்தார்கள். பிழை ஒன்றுமில்லை, உயிரும் இல்லை.

ஆகவே இரண்டாம் சுற்றில் தாளை வாங்கி வைத்துவிட்டு, "வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கோ" என்றோம். முதலில் ஒரே அமைதி. பிறகு ஆங்கில மொழிமூலம் படிக்கும் ஒரு சிறுவன், அப்பப்பாவோடு சந்தைக்குப் போனதைச் சொல்லத் தொடங்கினான். அப்பப்பா பாரை மீனின் செவுளைக் கிளப்பிப் பார்த்து, "தம்பி, இது நேற்றையான். ஆருக்குக் காட்டுறாய்?" என்றாராம். மீன்காரர் முகத்தைச் சுழித்ததையும் அவன் அப்படியே செய்து காட்ட, மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. நடுவர்கள் பரிசை அவனுக்கே கொடுத்தார்கள். உச்சரிப்புக்குப் புள்ளி குறைத்திருக்க வேண்டும் என்று சில பெற்றோர் முறைப்பாடு தந்தார்கள். சரி, பெற்றுக்கொண்டோம். முடிவில் மாற்றமில்லை.

வரும் ஆண்டில் மூத்தோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்யக் குழு தீர்மானித்துள்ளது. அம்மம்மா, அப்பப்பாமாரின் பெயர்களை இன்றே தாருங்கள். மேடைப்பேச்சு வேண்டாம், சமையல், சண்டை, சந்தை, எதுவானாலும் சரி.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்