அரை லிட்டர் எங்கே போனது

பாலக்கோடு

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். செவலை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. சீம்பால் உனக்குக் கிடைக்கவில்லையே என்று அம்மா இரண்டு நாளாகப் புலம்புகிறாள்.

பால் சங்கக் கணக்குக்கு நீ எழுதிக் கொடுத்த பைத்தான் கணினி நிரலைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஃபோனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவாய்.

ஒற்றை மாடு வைத்திருக்கும் பாட்டி ஒருவர் காலையில் மூன்றரை, சாயந்திரம் இரண்டரை லிட்டர் ஊற்றுகிறார். 10 நாள் பில்லில் 60 லிட்டர் இருக்க வேண்டும். 50 என்று வந்திருந்தது. அவர் சண்டை போடவில்லை. தினமும் ஊற்றியதைக் குறிக்கும் பால் அட்டையை மேசைமேல் வைத்து, "நீயே கூட்டிப் பாரு சாமி" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்று ராத்திரி நிரலை வரி வரியாகப் படித்தேன். கோப்பிலிருந்து வரும் 3.5 பைத்தானுக்கு எண் அல்ல, ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துக் கோவை. என்ன வகை என்று டைப் போட்டுப் பார்த்தால் அதுவே சொல்லிவிடுகிறது. அதை அப்படியே முழு எண்ணாக்கும் இன்ட்டுக்குள் கொடுத்தால், இந்த மதிப்பு செல்லாது என்று வேல்யூ எரர் வரும். உனக்கும் வந்திருக்கும். நீ நடுவில் புள்ளி எண்ணாக்கும் ஃப்ளோட் ஒன்று போட்டு, அதன்மேல் இன்ட் போட்டுவிட்டாய். எரர் நின்றது, அரை லிட்டரும் போனது. இன்ட் பக்கத்தில் இருக்கும் முழு எண்ணுக்குத் திருத்துவதில்லை தம்பி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். 3.9 கூட 3 தான். எரர் வந்தபோதே அது நமக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது.

லிட்டருக்கு ஃப்ளோட் போதும். காசுக்கு, புள்ளிக் கணக்கைப் பிசகாமல் வைக்கும் டெசிமல் வை, அதையும் ஸ்ட்ரிங்கிலிருந்தே நேராக மாற்று. ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது.

உறுப்பினர் எண்ணை மட்டும் மாற்றாதே. 007 என்பது இன்ட்டில் 7 ஆகிவிடும், அப்புறம் அட்டையோடு பொருந்தாது. கூட்டிக் கழிக்காத எண் ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.

இன்னொன்று. கட்டம் காலியாக இருந்தால் நீ எரரைப் பிடித்து அடக்கும் டிரை, எக்செப்ட் வைத்து 0 போடுகிறாய். மாடு வற்றியதா, எழுத மறந்தோமா என்று 0-க்குத் தெரியாது. எந்த வரி, யார் பெயர் என்று சொல்லிவிட்டு நிரல் அங்கேயே நிற்கட்டும். பால் ஊற்றுகிறவர்களை நான் காத்திருக்கச் சொல்கிறேன்.

ஒரு சந்தோஷமும் உண்டு. தாத்தாவின் பழைய நோட்டில் இருப்பதுபோல் ௧௨ என்று தமிழ் எண்ணில் எழுதி இன்ட்டுக்குக் கொடுத்தேன். 12 என்று சரியாகத் தந்தது. அந்த நோட்டுகளையும் ஏற்றலாம்.

பாட்டிக்கு விட்டுப்போன 10 லிட்டருக்குப் பணம் கொடுத்தாயிற்று. மற்றவர்களின் பழைய பில்களை அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது. சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்தால் மீதியைச் சேர்ந்து பார்க்கலாம்.

அப்பா