முதல் சுற்றிலேயே எங்களை அடியுங்கள்

ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில் அரக்கர்களின் பலத்தையும் எங்கள் பலத்தையும் எண்களால் அளந்து வைக்கும் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆட்டங்களில் நான் கழித்த மணி நேரங்களின் கணக்கை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இந்த மடலை எழுதுவதற்கு அதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை என்பதால் இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் தங்கை முதன்முறையாக இந்த வகை ஆட்டம் ஒன்றை ஆட உட்கார்ந்தாள். வில்லாளியைத் தேர்ந்தெடுத்தாள். முதல் கடினநிலையை ஏறக்குறைய இருபது மணி நேரத்தில் முடித்தாள். ஒருமுறைகூடச் சாகவில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு இரண்டாம் கடினநிலை திறந்தது; அதே கதையை இன்னும் கடினமாக மறுபடி ஆட வேண்டிய சுற்று அது. அதே பழைய புல்வெளி, அதே குட்டிப் பிசாசுகள். அவற்றில் ஒன்று எறிந்த நெருப்புருண்டை மேலே பட்டதும் விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஏழாவது முறை விழுந்தபோது என் பக்கம் திரும்பி, "நான் என்ன தவறு செய்தேன்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். அவளுடைய நெருப்பு எதிர்ப்பு, அதாவது மேலே படும் நெருப்பில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கிறோம் என்ற அளவு, பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. கதாபாத்திரப் பக்கத்தின் ஒரு மூலையில் அந்த எண் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை ஏன் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்? இருபது மணி நேரமாக நெருப்பும் பட்டது, விஷமும் பட்டது, மின்னலும் பட்டது. எல்லாமே சட்டையில் ஒட்டிய தூசு போல உதிர்ந்துவிட்டன. இரண்டாம் சுற்று கடினமாக இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. இருபது மணி நேரம் கூடவே நடந்த முதல் சுற்று, வரப்போவதைப் பற்றி ஒரு சொல்கூட அவளிடம் சொல்லவில்லை என்பதுதான் என் முறையீடு.

நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. முதல் சில மணி நேரங்களைப் பற்றி உங்களுக்குப் பயம் இருக்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய ஆட்டத்தை 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர் நான்கு முறை செத்தால் போய்விடுவார் என்று நினைக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கான மருந்தை இருபது மணி நேரத்துக்கும் ஊற்றிவிடுகிறீர்கள். அடிபடாதவர்கள் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை என்று யார் சொன்னது? ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டே, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு ஆடி, அலுத்துப் போய் விலகியவர்களை எனக்குத் தெரியும். என்ன, அவர்கள் திட்டிவிட்டுப் போவதில்லை. அதனால் உங்கள் காதில் விழுவதில்லை.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 2000இல் வந்த டயப்லோ 2 என்ற ஆட்டம் இந்த வகையின் இலக்கணத்தையே எழுதியது. நார்மல், நைட்மேர், ஹெல் என்று மூன்று படிகள்; அதே கதையை மூன்று முறை கடக்க வேண்டும். 2001இல் வந்த விரிவாக்கத்தில் நைட்மேர் தொடங்கியதும் உங்கள் எதிர்ப்புத்திறன் ஒவ்வொன்றிலும் 40 புள்ளிகள் குறையும். ஹெல்லில் மொத்தம் 100 புள்ளிகள். எதிர்ப்பின் வழக்கமான உச்சவரம்பு 75 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்சத்தில் இருப்பவருக்கு 100 அளவுள்ள அடி 25 ஆகத்தான் இறங்கும். 40 குறைந்து எதிர்ப்பு 35 ஆனதும் அதே அடி 65 ஆகிறது. இரண்டரை மடங்குக்கும் மேல். எதிர்ப்பே சேர்க்காதவருக்கோ 100 என்பது 140 ஆகிறது, அவ்வளவுதான். மொத்த அடி அவருக்குத்தான் அதிகம் என்றாலும், 'நேற்று வரை சரியாகத்தானே இருந்தது' என்ற திகைப்பு கவனமாக ஆடியவருக்குத்தான் பெரிதாக இருக்கும். ஒரு கழித்தல் கணக்குக்குள் இத்தனை வேடிக்கை இருக்கிறது.

அதே ஆட்டத்தில் நான் இன்றும் வியக்கும் ஒன்று உண்டு. கூட்டத்துக்கு நடுவே தனிப்பெயரோடு வரும் தலைவர் அரக்கர்களுக்குச் சிறப்பு ஆற்றல்கள் இருக்கும்: மிக வேகமாக ஓடுவது, அடித்தால் மின்னல் சிதறுவது, கல்போல் தோல் தடிப்பது என்று. நார்மலில் அவர்களுக்கு இப்படி ஓர் ஆற்றல், நைட்மேரில் இரண்டு, ஹெல்லில் மூன்று. நார்மலில் மின்னல் சிதறுபவனைத் தனியாகச் சந்தித்துக் கற்றுக்கொள்கிறோம்; வேகமாக ஓடுபவனையும் தனியாகச் சந்திக்கிறோம். பின்னால் இரண்டும் ஓர் உடம்பில் சேர்ந்து வரும்போது எதனால் செத்தோம் என்பது நமக்குத் தெரிகிறது. முதல் கடினநிலையின் வேலையே இதுதான் என்பேன். ஒவ்வோர் ஆபத்தையும் தனித்தனியாக, முகம் தெரியும்படி அறிமுகப்படுத்த வேண்டும். அறிமுகம் என்றால் கொஞ்சம் வலிக்கவும் வேண்டும். வலிக்காத அறிமுகத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை.

வலிக்கலாம், ஆனால் அபராதம் வேண்டாம். நார்மலில் செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் போகாது, நைட்மேரிலிருந்துதான் அது பறிபோகும் என்று அந்த ஆட்டம் வைத்த விதி இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்திருந்தது. அது தவறவிட்டதும் ஒன்று உண்டு. மட்டம் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளைத் தவறான திறனில் கொட்டிவிட்டால் அவற்றைத் திரும்ப எடுக்க ஆட்டத்துக்குள் வழியே இல்லாமல் இருந்தது. 2010இல் வந்த 1.13 திருத்தத்தில்தான் அது வந்தது. பத்து ஆண்டுகள்! முதல் சுற்றில் எங்களை அடியுங்கள் என்று கேட்கிற நான், அடிபட்ட பிறகு மாற்றிக்கொள்ள வழி விடுங்கள் என்றும் சேர்த்தே கேட்கிறேன். முதல் கடினநிலை முடியும்வரை திறன் புள்ளிகளைக் கலைத்து அடுக்குவது இலவசமாகவே இருக்கட்டும். சோதித்துப் பார்ப்பவனிடம் கட்டணம் வாங்கினால் அவன் சோதிப்பதையே விட்டுவிடுவான்.

கடினமாக்குவது என்றதும் உங்களில் பலர் கைவைப்பது அரக்கனின் மிச்ச உயிரைக் காட்டும் ஆயுள் பட்டையில்தான். மூன்று அடியில் விழுந்தவன் இப்போது பன்னிரண்டு அடியில் விழுகிறான். அவன் செய்வது எதுவும் மாறவில்லை, நான் செய்வதும் மாறவில்லை. பொத்தான் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. இதற்குக் கடினம் என்று பெயர் வைக்காதீர்கள், தாமதம் என்று வையுங்கள். அதற்குப் பதில் ஈட்டிக்காரனுக்குப் பின்னால் ஒரு மந்திரவாதியை நிறுத்துங்கள். முதலில் யாரை வீழ்த்துவது என்று நான் யோசிக்க வேண்டும். ஓங்கும் கை நன்றாகத் தெரியும்படி மெதுவாக அடிக்கும் ஒரு பெரிய அரக்கனை முதல் மணி நேரத்திலேயே கொண்டு வாருங்கள். விலகினால் கீறல் இல்லை, நின்றால் பாதி உயிர் போகும் என்று வைத்துவிட்டால், உருண்டு தப்பும் பொத்தான் எதற்கு என்பதைத் திரையில் எழுதிக்காட்ட வேண்டியதே இல்லை.

பாத் ஆஃப் எக்ஸைல் என்ற ஆட்டம் 2013இல் வந்தபோது அதிலும் ஒரே கதையை மூன்று கடினநிலைகளில் கடக்க வேண்டியிருந்தது. 2017இல் அந்த மூன்று சுற்றுகளையும் எடுத்துவிட்டுப் பத்து அங்கங்கள் கொண்ட ஒரே பயணமாக மாற்றினார்கள். எதிர்ப்புத்திறன் வெட்டு ஒழியவில்லை. ஐந்தாம் அங்கத்தின் முடிவில் 30, பத்தாம் அங்கத்தின் முடிவில் இன்னொரு 30. ஆனால் இரண்டு முறையும் அது கிட்டாவா என்ற தெய்வத்தோடு நடக்கும் மோதலில் கதையின் பகுதியாகவே நிகழ்கிறது. எதையோ இழந்துவிட்டோம் என்று ஆடுபவர் உணர்கிறார். போய் எண்ணைப் பார்க்கிறார். என் தங்கைக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு நொடிதான்.

அனுபவசாலிகளை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், நானும் அந்தக் கூட்டம்தான். ஐந்தாவது கதாபாத்திரத்தைத் தொடங்குகிறவனை மறுபடி பாலர் வகுப்பில் உட்கார வைப்பது கொடுமை. கிரிம் டான் ஆட்டத்தில் நார்மலுக்குள்ளேயே வெட்டரன் என்ற கூடுதல் கடினத்தைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். டார்ச்லைட் 2 நான்கு படிகளையும் முதல் திரையிலேயே நீட்டுகிறது. இதைச் செய்வதில் என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. சிரமப்படுபவருக்குக் கை கொடுப்பதற்கும் கௌரவமான வழிகள் உண்டு. ஹேடிஸ் ஆட்டத்தில் காட் மோட் என்பதை இயக்கினால் வாங்கும் அடி 20 விழுக்காடு குறையும். ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 விழுக்காடு சேர்ந்து 80இல் நிற்கும். அந்த உச்சத்தைத் தொட முப்பது முறை சாக வேண்டும். முப்பது முறையும் எதிரியின் முழு வேகத்தைப் பார்த்துவிடுகிறோம், பாடம் எதுவும் விட்டுப்போவதில்லை.

எங்கள் மட்டத்துக்கு ஏற்ப எல்லா அரக்கர்களையும் கூடவே வளர்த்துவிடுவது ஒரு தீர்வு என்று சிலர் சொல்கிறீர்கள். எனக்கு அரை மனதுதான். என்னை முதல் நாள் துரத்தியடித்த அதே பிசாசை இருபதாம் நாள் ஒரே வீச்சில் சாய்க்கும் மகிழ்ச்சியை அது பறித்துவிடுகிறது.

"உண்மையான ஆட்டமே கதை முடிந்த பிறகுதான்" என்று பெருமையாகச் சொல்லும் வழக்கமும் உங்களிடம் இருக்கிறது. அப்படியானால் முன்னால் உள்ள இருபது மணி நேரம் என்ன, வரிசையில் நிற்பதா?

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்தை முடிப்பதற்கு முன், இந்த வகையை இதுவரை தொடாத ஒருவரை உட்கார வைத்து, பின்னால் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவருடைய உயிர்ப்பட்டை முதன்முதலாகப் பாதிக்குக் கீழே இறங்குவது எந்த நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் தன் கதாபாத்திரப் பக்கத்தைத் திறக்கிறாரா என்றும் பாருங்கள். நீங்களே ஆடிப் பார்த்தால் இது தெரியாது. எந்தப் புதருக்குப் பின்னால் யார் நிற்கிறான் என்பது உங்களுக்கு மனப்பாடம்.

தங்கையின் வில்லாளி இன்னும் அந்தப் புல்வெளியின் வாசலில்தான் நிற்கிறாள். மட்டம் 38. அழித்துவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். திருத்தம் ஏதாவது வெளியிட்டால் தெரிவியுங்கள், அவளிடம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களில் பலமுறை செத்தவன்