அளவு டேப் அரசு வாசலுக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011-இல் வேளச்சேரியில் நாங்கள் வீடு கட்டியபோது, பக்கவாட்டு இடைவெளி அரை அடி குறைகிறது என்று பிளானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சமையலறையைச் சுருக்கி மறுபடி வரைந்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் காற்று வருவதே அந்த இடைவெளியால்தான்.

மூன்று வருடம் கழித்து எதிரே ஓர் அரசு அலுவலகம் எழும்பியது. மதிலை ஒட்டியே சுவர். மிச்சமிருந்த மண்ணிலும் சிமென்ட் பூசிவிட்டார்கள். வண்டி நிறுத்த இடமில்லாததால் வருகிறவர்கள் எங்கள் கேட்டை மறித்து பைக்கை நிறுத்துகிறார்கள். மழை பெய்தால் அந்த வளாகத்துத் தண்ணீர் தெருவுக்கு இறங்கி எங்கள் இரண்டாம் படி வரை ஏறுகிறது. போய்க் கேட்டேன். "கவர்மென்ட் பில்டிங்குக்கு யாரும்மா பிளான் கேப்பாங்க?" என்றார் அங்கிருந்தவர்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அரசுத் துறைகளும் தாங்கள் கட்டப்போவதை, கட்டட அனுமதி தரும் திட்டக் குழுமத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆனால் குழுமம் ஆட்சேபித்து, துறையும் இறங்கிவராவிட்டால், முடிவெடுப்பது மாநில அரசேதான். கட்டுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒருவரே என்றால் எதிர்வீட்டுக்காரர் எங்கே போய் முறையிடுவது?

இதனால் வந்த கெடுதலைப் பார்க்க எங்கள் பகுதியிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெருங்குடி குப்பைக் கிடங்கை வைத்தது மாநகராட்சி. கடலையும் காற்றையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்கள்கூட அந்த ஈர நிலத்தில்தான் எழுந்தன. 2022-இல் அதற்கு ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலம் என்ற தகுதி, கிடைத்தபோது, மிஞ்சியது பழைய பரப்பில் ஒரு பகுதிதான். அரசே மண் கொட்டிய இடத்தில் தனியாரைப் பார்த்து "கொட்டாதே" என்றால் எடுபடுமா?

ராணுவ முகாம், அணுமின் நிலையம் போன்றவற்றுக்கு விலக்கு வேண்டும், சரி. ஆரம்ப சுகாதார நிலையமோ ரேஷன் கடையோ வரக்கூடாது என்று நாலு பேர் தடுப்பதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் விலக்கு எதற்கு, யார் கொடுத்தார் என்பதைக் கட்டுமான இடத்திலேயே பலகையில் எழுதி வைக்கலாமே. தாலுகா அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் என்ன ரகசியம்?

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, சட்டம் முதலில் அரசுக் கட்டடங்களைத்தான் சொன்னது. அப்புறம்தான் நம் வீடுகளை. அதே வரிசையை இடைவெளிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நில உபயோகத்துக்கும் கொண்டுவர வேண்டும்.

அதுவரை, எங்கள் எதிர் அலுவலகத்தில் மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்றாவது யாராவது வந்து பார்க்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வேளச்சேரி, சென்னை.